வங்க மொழி ஆட்சிமொழி ஆனது எப்படி? டாக்கா, புருலியா, சில்சர்: ஓர் எளிய விளக்கம்

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். 1952-இல் டாக்காவில் வங்க மொழிக்காகச் சுடப்பட்டு இறந்தவர்களின் நினைவு நாள் அது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் சரியாக எதைக் கேட்டார்கள், அது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவாக வந்தது, கேட்டதில் எவ்வளவு கிடைத்தது என்பதெல்லாம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மொழிப் போராட்டத்தைத் தியாகத்தின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் வைத்த கோரிக்கை மிகத் தெளிவானது, நுட்பமானது. அது புரிந்தால்தான் அந்த உயிர்கள் எதற்காகப் போயின என்பது விளங்கும்.

வங்க மொழிக்கான போராட்டம் டாக்காவில் மட்டும் நடந்ததும் அல்ல. இந்தியாவுக்குள்ளேயே பீகாரின் மான்பூம் மாவட்டத்திலும் (இன்றைய புருலியா அதன் ஒரு பகுதி) அசாமில் சில்சர் நகரம் இருக்கும் பராக் பள்ளத்தாக்கிலும் அதே மொழிக்காக மக்கள் சிறை சென்றார்கள். பராக்கில் உயிரையும் கொடுத்தார்கள். மூன்று இடங்களிலும் சூழல் வேறு, கோரிக்கை வேறு, கிடைத்ததும் வேறு. டாக்காவுக்கு அரசமைப்பில் ஒரு பிரிவு கிடைத்தது. மான்பூமுக்கு மாநில எல்லை மாறியது. பராக்குக்கு ஒரு மாநிலச் சட்டத்தில் ஒரு திருத்தம் கிடைத்தது.

அரசு ஒரு மொழியை ஏற்பது என்றால் என்ன?

"வங்கத்தை ஆட்சிமொழி ஆக்கு" என்ற முழக்கம் ஒன்றுதான். அதற்குள் பல கோரிக்கைகள் இருக்கின்றன. சட்டமன்றத்தில் அந்த மொழியில் பேசலாமா, பேசினால் பேசியபடியே அவைக்குறிப்பில் ஏறுமா? தபால் நிலையப் படிவம், முத்திரைத்தாள், நாணயம், ரூபாய் நோட்டு இவற்றில் அந்த எழுத்து இருக்கிறதா? அரசு வேலைத் தேர்வை அந்த மொழியில் எழுதலாமா? பள்ளியில் பாடம் எந்த மொழியில்? நீதிமன்றத் தீர்ப்பு எந்த மொழியில்?

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் "எந்த மட்டத்தில்?" என்ற துணைக்கேள்வி உண்டு. மத்திய அரசிலா, மாகாணத்திலா, மாவட்ட அலுவலகம் வரையிலா? மாகாண ஆட்சிமொழி என்று தந்துவிட்டு மத்தியில் மறுக்கலாம். மாவட்டம் வரை தந்துவிட்டுத் தலைமைச் செயலகத்தில் மறுக்கலாம். வங்கப் போராட்டத்தின் திருப்பங்கள் எல்லாமே இந்த மட்டங்களைச் சுற்றித்தான் நடந்தன.

பாகிஸ்தான் பிறந்தபோது

1947 ஆகஸ்டில் உருவான பாகிஸ்தானுக்கு இரண்டு பகுதிகள். நடுவே இந்தியா. கிழக்கு வங்காளத்தில்தான் மக்கள்தொகை அதிகம். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் சுமார் 54 விழுக்காட்டினரின் தாய்மொழி வங்கம். உருது சுமார் 7 விழுக்காட்டினருக்குத்தான் தாய்மொழி. மேற்குப் பாகிஸ்தானிலும் பெரும்பாலானோர் பேசியது பஞ்சாபி, சிந்தி, பஷ்தூ, பலூச்சி ஆகிய மொழிகளையே.

பிறகு ஏன் உருது? வட இந்திய முஸ்லிம் அரசியலில் உருது நெடுங்காலமாக ஓர் அடையாளமாக இருந்தது. முஸ்லிம் லீக்கின் மேல்மட்டத் தலைவர்களும் உயர் அதிகாரிகளும் அதில் பழகியவர்கள். கிழக்கு வங்காளத்தின் முதலமைச்சர் காஜா நஜிமுதீனே டாக்கா நவாப் குடும்பத்தின் உருது பேசும் மனிதர். வங்க மொழியின் எழுத்தும் சமஸ்கிருதச் சொற்களும் "இந்துச் சாயல்" உடையவை என்ற எண்ணம் அவர்களிடம் வலுவாக இருந்தது. ஒரே மொழி இல்லாவிட்டால் நாடு உடைந்துவிடும் என்றும் அவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். அந்த அச்சத்தால் எடுத்த முடிவே நாட்டின் உடைவுக்கு முதல் விரிசலானது.

எதிர்ப்பு உடனே வந்தது. நாடு பிறக்கும் முன்பே, 1947 ஜூலையில் அலிகார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜியாவுதீன் அகமது உருதுவுக்காகப் பேசியபோது, மொழியறிஞர் முகம்மது ஷாஹிதுல்லா பத்திரிகையில் மறுப்பு எழுதினார். செப்டம்பரில் டாக்கா பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர் அபுல் காசெம் தொடங்கிய 'தமத்துன் மஜ்லிஸ்' என்ற அமைப்பு, பாகிஸ்தானின் அரசமொழி வங்கமா உருதுவா என்று கேட்டு ஒரு சிறு நூலை வெளியிட்டது. அதில் கேட்டதெல்லாம் அன்றாட விஷயங்கள்: கிழக்கில் கல்வியும் நீதிமன்றமும் அலுவலகமும் வங்கத்தில் இயங்க வேண்டும்; மத்தியில் உருதுவும் வங்கமும் இரண்டும் இருக்க வேண்டும்.

புதிய அரசின் காகிதங்களில் வங்கம் காணாமல் போனதுதான் சாதாரண மனிதரை உலுக்கியது. தபால்தலை, நாணயம், மணியார்டர் படிவம் எல்லாவற்றிலும் ஆங்கிலமும் உருதுவும் மட்டுமே இருந்தன. மத்தியப் பணித் தேர்வுக்கான பாடப் பட்டியலில் லத்தீனும் சமஸ்கிருதமும்கூட இருந்தன, வங்கம் இல்லை. நாட்டில் பாதிக்கு மேற்பட்டோரின் மொழியைப் படித்தவர், தம் மொழி கணக்கில் வராத தேர்வை எழுத வேண்டும். மொழி என்பது சோற்றுப் பிரச்சினை என்று மாணவர்களுக்கு விளங்கிய இடம் இது.

"ஆங்கிலம்" என்ற சொல்லுக்குப் பின் ஒரு சொல்

1948 பிப்ரவரியில் கராச்சியில் அரசமைப்பு நிர்ணய சபை கூடியது. சபையின் நடைமுறை விதி 29, உறுப்பினர்கள் உருதுவிலோ ஆங்கிலத்திலோ பேச வேண்டும் என்றது. குமில்லாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் திரேந்திரநாத் தத்தா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அந்த விதியில் "ஆங்கிலம்" என்ற சொல்லுக்குப் பின் "அல்லது வங்கம்" என்று சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 25 அன்று அவர் ஆற்றிய உரையை இந்தப் போராட்டத்தின் மூல ஆவணம் என்றே சொல்லலாம். நாட்டின் 6 கோடியே 90 லட்சம் மக்களில் 4 கோடியே 40 லட்சம் பேர் வங்கம் பேசுகிறார்கள் என்று அவர் கணக்குச் சொன்னார். டாக்காவில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப ஓர் ஏழை விவசாயி கிராமத் தபால் நிலையத்துக்குப் போகிறார். மணியார்டர் படிவம் உருதுவில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அவர் தொலைவில் உள்ள நகரத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. முத்திரைத்தாள் வாங்குபவருக்கும் இதே கதி. தாளில் என்ன மதிப்பு அச்சிட்டிருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. தத்தா காட்டியது இப்படிப்பட்ட இடர்களை.

பிரதமர் லியாகத் அலி கான், இது நாட்டைப் பிளக்கும் முயற்சி என்றார். முஸ்லிம் தேசத்துக்கு உருதுதான் பொதுமொழியாக இருக்க முடியும் என்றார். நஜிமுதீனும் எதிர்த்தார். கிழக்கு வங்காளத்து முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் கட்சிக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். திருத்தம் தோற்றது. ஓர் இந்து உறுப்பினர் கொண்டுவந்தார் என்பதை வைத்தே அதைச் சதி என்று முத்திரை குத்த முடிந்தது. 1971 மார்ச்சில், 84 வயதில், தத்தாவைப் பாகிஸ்தான் ராணுவம் குமில்லா வீட்டிலிருந்து பிடித்துச் சென்று கொன்றது.

1948: கையெழுத்தாகி நீர்த்துப்போன ஒப்பந்தம்

திருத்தம் தோற்றதைக் கண்டித்து மார்ச் 11 அன்று கிழக்கு வங்காளத்தில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. தலைமைச் செயலகத்தின் வாயிலில் மறியல், தடியடி, கைது. கைதானவர்களில் ஷேக் முஜிபுர் ரகுமான் ஒருவர். அடுத்த சில நாட்களில் ஜின்னா டாக்கா வரவிருந்தார். தெருவில் போராட்டம் நடக்கும்போது அவரை வரவேற்க முடியாது என்பதால், மார்ச் 15 அன்று நஜிமுதீன் போராட்டக் குழுவுடன் எட்டு அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கைதானவர்களை விடுவிப்பது, மாகாணத்தில் ஆங்கிலத்தின் இடத்தில் வங்கத்தைக் கொண்டுவருவது, வங்கத்தை நாட்டின் அரசமொழிகளில் ஒன்றாக்கி மத்தியத் தேர்வுகளில் உருதுவுக்குச் சமமாக்கச் சொல்லி மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவது ஆகியவை அதில் இருந்தன.

மார்ச் 21 அன்று டாக்கா குதிரைப்பந்தய மைதானத்திலும் 24 அன்று கர்சன் மண்டபப் பட்டமளிப்பு விழாவிலும் ஜின்னா பேசினார். பாகிஸ்தானின் அரசமொழி உருது மட்டுமே, வேறெதுவும் இல்லை என்றார். பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் "இல்லை, இல்லை" என்று குரல் எழுப்பினார்கள். நாட்டைத் தோற்றுவித்தவருக்கு நேரே அப்படிக் குரல் எழும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

பலர் தவறவிடும் செய்தி ஒன்று அதே உரையில் உண்டு. மாகாணத்தின் ஆட்சிமொழி எது என்பதை மாகாண மக்களின் பிரதிநிதிகளே முடிவு செய்யலாம் என்றும் ஜின்னா சொன்னார். அதாவது மாகாண மட்டத்தில் கதவு திறந்தது, மத்தியில் அடைத்தது. அவர் போன பிறகு ஏப்ரலில் நஜிமுதீன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானமும் வங்கத்தை மாகாண ஆட்சிமொழி ஆக்குவதோடு நின்றது. மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்யும் அம்சம் மறைந்துவிட்டது. மத்தியப் படிவத்திலும் மத்தியத் தேர்விலும் மொழி இல்லாவிட்டால் மாகாண ஆட்சிமொழி என்ற பெயரால் வேலையும் வராது, மணியார்டரும் போகாது. மாணவர்கள் அடங்காததற்குக் காரணம் இதுதான்.

இடையில் இன்னொரு வழியும் முயலப்பட்டது. மத்தியக் கல்வி அமைச்சர் ஃபஸ்லுர் ரகுமான் வங்க மொழியை அரபு எழுத்தில் எழுதலாம் என்றார். அதற்காகக் கிழக்கில் முதியோர் கல்வி மையங்களும் திறக்கப்பட்டன. எழுத்தை மாற்றினால் அதுவரை அச்சான நூல்கள் அனைத்தும் அடுத்த தலைமுறைக்குப் படிக்க முடியாத காகிதமாகிவிடும். படித்தவர் எல்லாரும் ஒரே நாளில் எழுத்தறியாதவர் ஆவார்கள். ஷாஹிதுல்லா போன்ற அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், திட்டம் வேரூன்றவில்லை.

பிப்ரவரி 21 அன்று நடந்தது

1951 அக்டோபரில் லியாகத் அலி கான் சுட்டுக் கொல்லப்பட்டார். நஜிமுதீன் பிரதமரானார். 1952 ஜனவரி 27 அன்று டாக்கா பல்டன் மைதானத்தில் அவர் ஜின்னாவின் வார்த்தையைத் திரும்பச் சொன்னார். எட்டு அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே கை என்பதால் கோபம் பன்மடங்கானது. ஜனவரி 31 அன்று எதிர்க்கட்சித் தலைவர் மௌலானா பாசானி தலைமையில் அனைத்துக் கட்சிப் போராட்டக் குழு அமைந்தது. மாகாணச் சட்டமன்றத்தின் கூட்டத்தொடர் நடக்கும் நாளாகப் பார்த்து, பிப்ரவரி 21-ஐ முழு அடைப்பு நாளாக அறிவித்தார்கள்.

20-ஆம் தேதி மாலை டாக்காவில் 144 தடை உத்தரவு வந்தது. தடையை மீறினால் அதையே காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிவைப்பார்கள் என்று அஞ்சி, அன்றிரவு அனைத்துக் கட்சிக் குழு மீறுவதில்லை என்று பெரும்பான்மையாக முடிவெடுத்தது. மாணவர்கள் அதை ஏற்கவில்லை. மறுநாள் காலை பல்கலைக்கழகக் கலைப்புல வளாகத்தின் மாமரத்தடியில் காஜியுல் ஹக் தலைமையில் கூடி, பத்துப் பத்துப் பேராக வாயிலைத் தாண்டிக் கைதாவது என்று தீர்மானித்தார்கள். கூட்டமாகப் போனால் கலவரம் என்பார்கள். சிறு குழுக்களாகப் போனால் அறப்போராட்டமாக நிற்கும் என்பது கணக்கு.

முதல் குழுக்கள் கைதாயின. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. மாணவர்கள் சிதறி அருகிலிருந்த மருத்துவக் கல்லூரி விடுதிப் பக்கம் திரண்டார்கள். சட்டமன்றம் அதற்கு வெகு அருகில் இருந்ததால், உள்ளே போகும் உறுப்பினர்களை மறித்துத் தங்கள் கோரிக்கையைச் சொல்ல நினைத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு போலீஸ் சுட்டது.

இறந்தவர்கள் யார் என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் இதை வெறும் மாணவர் கிளர்ச்சியாகச் சுருக்கிவிடுகிறார்கள். அபுல் பர்கத் பல்கலைக்கழக முதுகலை மாணவர். இந்தியப் பகுதியான முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவர். ரஃபீக்குதீன் தந்தையின் அச்சகத்தில் உதவியாக இருந்தவர். அப்துல் ஜப்பார் மாமியாரின் சிகிச்சைக்காக டாக்கா வந்திருந்த கிராமத்து மனிதர். அப்துஸ் சலாம் அரசு அலுவலகக் கடைநிலை ஊழியர். குண்டடிபட்டு ஏப்ரல் 7 அன்று இறந்தார். மறுநாள் பிப்ரவரி 22 ஊர்வலத்தில் இறந்த ஷஃபியுர் ரகுமான் உயர் நீதிமன்ற ஊழியர். சில உடல்களைப் போலீஸ் இரவோடிரவாக எடுத்துப் புதைத்துவிட்டதால் மொத்த எண்ணிக்கை இன்றுவரை உறுதிப்படவில்லை. பெயர் தெரிந்த சிலரைத்தான் நினைவுகூர முடிகிறது என்பது இந்த வரலாற்றின் ஆறாத வலி.

சுட்ட மறுநாளே முதலமைச்சர் நூருல் அமீன், வங்கத்தை அரசமொழியாக்கப் பரிந்துரைக்கும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். நான்கு ஆண்டுகளாகச் செய்யாததை ஒரே நாளில் செய்ய முடிந்திருக்கிறது. 23-ஆம் தேதி இரவு மருத்துவக் கல்லூரி மாணவர்கள், கட்டட விரிவாக்கத்துக்காகக் குவித்திருந்த செங்கல்லையும் சிமெண்டையும் கொண்டு சுமார் 10 அடி உயர நினைவுத்தூணை எழுப்பினார்கள். 26 அன்று போலீஸ் அதை இடித்தது. இப்போது நிற்கும் ஷஹீத் மினார், ஓவியர் ஹமிதுர் ரகுமானும் சிற்பி நோவெரா அகமதுவும் உருவாக்கிய வடிவம். 1963 பிப்ரவரி 21 அன்று பர்கத்தின் தாய் அதைத் திறந்துவைத்தார். 1971-இல் ராணுவம் அதையும் தகர்த்தது. விடுதலைக்குப் பின் மறுபடி கட்டினார்கள்.

சட்டத்தில் ஏறியது எப்போது?

துப்பாக்கிச்சூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே நான்கு ஆண்டுகள். நடுவில் நிலைமையை மாற்றியது வாக்குச்சீட்டு. 1954 மார்ச் மாகாணத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய முன்னணியாக நின்றன. அவர்கள் வைத்த கோரிக்கைகள் 21. பிப்ரவரி 21-இன் நினைவாகவே அந்த எண். முதல் கோரிக்கை வங்கத்தை அரசமொழி ஆக்குவது. 237 முஸ்லிம் தொகுதிகளில் முன்னணி 223-ஐ வென்றது; ஆண்ட முஸ்லிம் லீக்குக்குக் கிடைத்தவை 9. நூருல் அமீனே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

அதே ஆண்டு மே 7 அன்று அரசமைப்பு நிர்ணய சபை உருதுவோடு வங்கத்தையும் ஏற்க முடிவு செய்தது. 1956-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 214 "பாகிஸ்தானின் அரசமொழிகள் உருதுவும் வங்கமும்" என்றது. தொடக்கத்திலிருந்து கேட்டது இதைத்தான். உருதுவை அகற்று என்று போராட்டக்காரர்கள் கேட்டதில்லை. வங்கமும் ஒன்றாக இருக்கட்டும் என்றே கேட்டார்கள். வங்க மொழி இயக்கம் உருது எதிர்ப்பு இயக்கம் என்று எழுதுபவர்கள் இந்த "உம்"மைத் தவறவிடுகிறார்கள்.

அதே பிரிவு ஆங்கிலம் மேலும் 20 ஆண்டுகள் அலுவல் மொழியாகத் தொடரும் என்றும் சொன்னது. 1958-இல் ராணுவ ஆட்சி வந்து அந்த அரசமைப்பையே ரத்து செய்தது. 1962-இன் அரசமைப்பும் இரு மொழிகளையும் ஏற்றது. சட்டத்தில் இடம் கிடைத்த பிறகும் பண்பாட்டில் சந்தேகப் பார்வை தொடர்ந்தது. 1967-இல் தகவல் அமைச்சர் காஜா ஷஹாபுதீன் வானொலியில் தாகூர் பாடல்களைக் கட்டுப்படுத்தும் அறிவிப்பை வெளியிட்டபோது டாக்கா மீண்டும் கொதித்தது. 1971-இல் வங்கதேசம் பிறந்தது. அதன் 1972 அரசமைப்பின் 3-ஆம் பிரிவில் குடியரசின் அரசமொழி வங்கம்.

புருலியா: மாநிலத்தையே மாற்றிக்கொண்டவர்கள்

1912-இல் பீகாரும் ஒரிசாவும் சேர்ந்து தனி மாகாணமானபோது வங்கம் பேசுவோர் மிகுந்த மான்பூம் மாவட்டம் அங்கே போனது. விடுதலைக்குப் பின் பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தி கட்டாயமாகத் தொடங்கியதும், அதுல் சந்திர கோஷ் முதலிய காந்தியவாதிகள் காங்கிரஸை விட்டு விலகி 1948-இல் லோக் சேவக் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இவர்களின் போராட்ட வடிவம் வேறெங்கும் இல்லாதது. மான்பூமில் தை பிறக்கும் நாளோடு, அதாவது நம் பொங்கல் நாளோடு, முடியும் துசு என்ற அறுவடைத் திருவிழா உண்டு. பெண்கள் கூடிப் பாடுவார்கள். 1954-இல் அந்தப் பாட்டு மெட்டுகளில் மொழி உரிமையைப் பாடி ஊர் ஊராகப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கோரிக்கை போய்ச் சேர்ந்தது. பாடியதற்காகவே கைதானார்கள், லாவண்யப் பிரபா கோஷும் அவர்களில் ஒருவர்.

1956 ஏப்ரல் 20 அன்று பாக்பிர்ரா என்ற ஊரிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்கத்தாவுக்கு நடந்தார்கள். சுமார் 300 கிலோமீட்டர், மே 6 அன்று சேர்ந்தார்கள், மறுநாள் கைது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று புருலியா மாவட்டம் மேற்கு வங்கத்தில் சேர்ந்தது. கன்னியாகுமரி சென்னை மாநிலத்தில் சேர்ந்ததும் அதே நாளில்தான். மான்பூம் முழுதாகக் கிடைக்கவில்லை. நிலக்கரி வளம் கொண்ட தன்பாத் பீகாரிலேயே நின்றது. சாஸ், சாண்டில், இச்சாகர், பட்மதா பகுதிகளும் அப்படியே. எல்லை மாற்றத்தால் வரும் தீர்வில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் விடுபட்டவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

சில்சர்: மாவட்டம் வரை

அசாமின் கதையில் நியாயம் இரு பக்கமும் உண்டு. 1830-களில் ஆங்கிலேயர் அசாமின் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் வங்கத்தைத் திணித்தார்கள். அசாமிய மொழி வங்கத்தின் கிளைமொழியே என்றுகூடச் சொன்னார்கள். ஆனந்தராம் தேகியால் புகன் போன்றோரும் அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரிமாரும் வாதாடி, 1873-இல்தான் அசாமியம் தன் இடத்தை மீட்டது. 1874-இல் வங்கம் பேசும் சில்ஹெட்டை அசாமோடு சேர்த்ததும் எண்ணிக்கை அச்சம் வளர்ந்தது. தம் மாநிலத்தில் தம் மொழி ஆளவேண்டும் என்று அசாமியர் நினைத்ததற்கு இப்படி ஒரு நீண்ட காரணம் இருந்தது.

1960 அக்டோபரில் முதலமைச்சர் பிமலா பிரசாத் சாலிஹாவின் அரசு அசாமியத்தை மாநில ஆட்சிமொழி ஆக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன்பே அந்த ஆண்டு பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் மொழிக் கலவரம் மூண்டு வங்காளிகள் தாக்கப்பட்டிருந்தார்கள். தெற்கே பராக் பள்ளத்தாக்கில், அன்றைய கச்சார் மாவட்டத்தில், பெரும்பான்மை மொழி வங்கம். சட்டத்தில் கச்சாருக்கு ஒரு விலக்கு இருந்தது. ஆனால் உள்ளாட்சி அமைப்புகள் கூடி மூன்றில் இரு பங்கு வாக்கில் அசாமியத்தை ஏற்றால் அந்த விலக்கு போய்விடும். உரிமை கொடுத்த பிரிவுக்குள்ளேயே அதைப் பறிக்கும் வழியும் இருந்தது.

1961 பிப்ரவரியில் கச்சார் கண சங்கிராம் பரிஷத் என்ற மக்கள் போராட்டக் குழு உருவானது. ஏப்ரலில் கிராமம் கிராமமாக நடைப்பயணம். மே மாதத்தில் தாகூரின் நூற்றாண்டு விழா. அது முடிந்த சில நாட்களில், மே 19 அன்று முழு அடைப்பு. சில்சர் ரயில் நிலையத்தில் விடியற்காலையே மறியல் தொடங்கியது. தண்டவாளத்தில் அமர்ந்தார்கள், அதிகாலை ரயிலுக்குச் சீட்டு விற்பனையே இல்லை. பிற்பகலில் கைதானவர்களை ஏற்றிய லாரி நிலையத்தைக் கடந்தபோது பரபரப்பு மூண்டது. லாரிக்குத் தீ வைக்கப்பட்டது. 2.30 மணியளவில் துணைப்படையினர் சுட்டார்கள். அன்று ஒன்பது பேர், பின்னர் இருவர் என 11 பேர் இறந்தார்கள். அவர்களில் கமலா பட்டாச்சார்யாவுக்கு வயது 16. குடும்பம், பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போன சில்ஹெட்டிலிருந்து அகதியாக வந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதி முடித்த மறுநாள் அவர் மறியலுக்குப் போயிருந்தார்.

அப்போதைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி சமரசத் திட்டம் ஒன்றைத் தந்தார். சட்டத்தின் 5-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, உள்ளாட்சி வாக்கெடுப்பு நிபந்தனை நீங்கியது. கச்சாரில் மாவட்ட மட்டம் உட்பட எல்லா அலுவல்களுக்கும் வங்கம் என்றானது. மாவட்டத்துக்கு மேலே அசாமியம், ஆங்கிலம். கச்சார் இப்போது மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. பிரிவு 5 இன்றும் இருக்கிறது. சில்சர் நிலையத்துக்கு மொழித் தியாகிகளின் பெயர் வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாகத் தொடர்கிறது.

ஏற்புக்குப் பின்

வங்கதேசத்தில் அரசமைப்பிலேயே இடம் இருந்தும், அலுவலகங்கள் ஆங்கிலத்தை விடவில்லை. அதனால் 1987-இல் வங்க மொழி நடைமுறைச் சட்டம் வந்தது. வெளிநாட்டுத் தொடர்பு நீங்கலாக எல்லா அரசு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் வங்கத்தில் எழுத வேண்டும். மீறும் ஊழியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்றது. கீழ் நீதிமன்றங்கள் மாறின. உச்ச நீதிமன்றத்தில் ஆங்கிலம் இன்னும் வலுவாக இருக்கிறது. சட்ட நூல்களும் முன்தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் குவிந்திருக்கும்போது வழக்கறிஞர் எந்த மொழியில் வாதிடுவார்?

உலக ஏற்பு வேறு வழியில் வந்தது. கனடாவின் வான்கூவரில் வாழ்ந்த ரஃபீக்குல் இஸ்லாம் 1998-இல் ஐநா பொதுச்செயலாளருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கி, வங்கதேச அரசின் முன்மொழிவாக யுனெஸ்கோவுக்குப் போய், 1999 நவம்பர் 17 அன்று பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாளானது. இந்தியாவில் 2024 அக்டோபரில் வங்கத்துக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது. தமிழுக்கு 2004-இலேயே கிடைத்த தகுதி அது. அலுவலகத்தில் எந்த மொழி என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. ஆய்வுக்கும் கல்விக்குமான ஊக்கம் அது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வங்கம் வென்ற இடங்களில் வங்கம் பேசாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1972-இல் வங்கதேச அரசமைப்பு விவாதத்தில் எல்லாக் குடிமக்களையும் வங்காளிகள் என்று வரையறுத்தபோது, சிட்டகாங் மலைப்பகுதி உறுப்பினர் மனபேந்திர நாராயண் லார்மா ஏற்க மறுத்து வெளிநடப்பு செய்தார். பராக் பள்ளத்தாக்கில் விஷ்ணுப்பிரியா மணிப்புரி பேசுவோர் தம் மொழியில் தொடக்கக் கல்வி கேட்டு நடத்திய ரயில் மறியலில் 1996 மார்ச் 16 அன்று சுதேஷ்ணா சின்ஹா என்ற இளம்பெண் சுடப்பட்டு இறந்தார். திரிபுராவில் 1964 முதல் ஆட்சிமொழியாக இருந்த வங்கத்தோடு 1979-இல் அங்குள்ள பழங்குடியினரின் கொக்பராக் மொழியும் சேர்ந்தது. வங்கதேசத்தில் 2017 ஜனவரியில்தான் சக்மா, மர்மா, காரோ, திரிபுரா, சாத்ரி ஆகிய ஐந்து மொழிகளில் மழலையர் வகுப்புப் பாடநூல்கள் அரசின் செலவில் பிள்ளைகள் கைக்குப் போயின. அவற்றைச் சொல்லித்தரப் போதிய ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதுதான் அங்கே இப்போது நிற்கும் வேலை.